குறை எழுதாத தாள்

"இன்னா மேடம், உங்க கவரை மட்டும் யாரும் வாங்கிக்கினு போகல. நானே எடுத்தாந்துட்டேன்" என்று லாரன்ஸ் அண்ணன் பழுப்பு உறையை நீட்டினார். கல்வியியல் துறையின் அலுவலக உதவியாளர் அவர். துறையில் யார் எங்கே நின்று யாரோடு பேசுகிறார்கள் என்பது பேராசிரியர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மதுமதி உறையை வாங்கியதும் பிரிக்கவில்லை. மாடிப்படிக்குப் பின்னால், ஓட்டமும் சத்தமும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டாள். உள்ளே மூன்று தாள்கள். மூன்றிலும் மதிப்பெண் இருந்த மேல்பாதியைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். எழுதியவர் பெயரும் இல்லை. கையெழுத்து தெரியக் கூடாதென்று கணினியில் அடித்த கீழ்ப்பாதி மட்டும்.

முதல் தாள்: 'கரும்பலகை எழுத்து இன்னும் சற்றுப் பெரிதாக இருக்கலாம். குரலைக் கொஞ்சம் உயர்த்தலாம்.'

இரண்டாவது தாள்: 'மாதிரிப் படங்களுக்கு வண்ணம் கூட்டலாம். கரும்பலகையின் வலப்பக்கத்தையும் பயன்படுத்தலாம்.'

மதுமதிக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் சம்பிரதாயக் குறைகள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதல் என்று சொல்வது மாதிரி. கரும்பலகை மன்றத்தின் விதி அப்படி. பி.எட். படிக்கும் அறுபது பேரில் ஆண்டுக்கு ஒருவரை 'ஆண்டின் மாணவ ஆசிரியர்' என்று அந்த மன்றம் தேர்ந்தெடுக்கும். இறுதிச் சுற்றுக்கு வந்தவரின் வகுப்பில் சக மாணவர் மூவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, ஆளுக்கொரு தாள் எழுத வேண்டும். அதில் இரண்டு குறையாவது இருந்தே தீர வேண்டும். ஒரு குறையும் இல்லாமல் புகழ்ந்து மட்டும் எழுதினால் அந்தத் தாள் செல்லாது. மூன்றில் ஒரு தாள் செல்லாமல் போனாலும் ஆள் அவுட். அதனால்தான் வருஷா வருஷம் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி கரும்பலகை எழுத்தையும் குரலையும் பிடித்துக்கொள்வார்கள். யாருக்கும் நோகாது.

மூன்றாவது தாளைப் படித்ததும் அவள் சிரிப்பு நின்றது.

'மாணவி தவறான விடை சொன்னால் ஆசிரியையின் இடது புருவம் மேலே போகிறது. அதைப் பார்த்து அடுத்த மாணவிகள் கை தூக்கப் பயப்படுகிறார்கள். மணி அடிக்கப் போகிறதென்றால், பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பாராமல் பாடத்தை ஓட்டுகிறார்.'

பயிற்சிப் பள்ளியில் அன்று அவள் நடத்திய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் அவளுக்குத் தெரியும். அனுப்ரியா, அச்யுத், அஸ்வத். அனுப்ரியா பாதி நேரம் ஜன்னல் வழியாகக் கபாலி கோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்யுத் தலையே நிமிரவில்லை. இடது புருவத்தைப் பார்ப்பதற்கு அந்த மூவரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அஸ்வத் அவளுடைய அத்தை மகன். இரண்டு வருடமாகப் புருஷனும்கூட.

*

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

மாமா வெள்ளைச்சாமிக்கு ரங்கநாதன் தெருவில் நைட்டிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, நடைபாதையில் துணி விரித்து, பிறகு கடை பிடித்த மனிதர். மகனும் மருமகளும் சேர்ந்து பி.எட். படிக்கப் போகிறோம் என்று வந்து நின்றபோது அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ரெண்டு பேரும் படிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனா கடைய யாரு பாப்பா? எனக்கு முட்டி போச்சு. அந்த மன்றமோ கின்றமோ, அதுல யாரு ஜெயிக்காவளோ அவுக வாத்தியாராப் போகட்டும். மத்தவுக கடையில உக்காரணும். இதுதான் பேச்சு."

மன்றம் தேர்ந்தெடுப்பவருக்குத் துறையின் மாதிரிப் பள்ளியில் ஒரு வருட ஆசிரியர் வேலை கையில் வந்துவிடும். அதனால்தான் மாமா அதையே எல்லைக்கோடாகப் போட்டார். அன்று இருவரும் விளையாட்டுப்போல் சரி என்றார்கள். இறுதிச் சுற்றுக்கு ஐந்து பேர் வந்து, அந்த ஐவரில் இவர்கள் இருவரும் இருந்தபோதுதான் விளையாட்டு வினையானது. புருஷன் பெண்டாட்டி ஒருவருக்கொருவர் தாள் எழுதலாமா என்று யாரோ கேட்டதற்கு, மன்றத்தின் பொறுப்பாளர் பேராசிரியர் குல்சும், "வகுப்பறைக்குள் எனக்குத் தெரிவது ரோல் நம்பர்தான்" என்று சொல்லி, யாருக்கு யார் எழுதுவது என்று சீட்டைக் குலுக்கிவிட்டார்.

அன்று இரவு அசோக் நகர் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே மதுமதி ஆரம்பித்தாள். "அத்தான், எனக்குக் கவர் வந்துடுச்சு."

அஸ்வத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "அப்படியா? என்ன எழுதியிருக்காங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"யார் எழுதினதுன்னு சொல்லக் கூடாதுடி. ரூல்."

"நான் யார்னு கேக்கவே இல்லையே?"

அவன் சட்னியில் தோசையைத் தோய்த்தபடி பேசாமல் இருந்தான். அந்தப் பேசாமை அவளுக்குப் பிடிக்கவில்லை. எதையும் வாய் ஓயாமல் பேசுகிறவன் இவன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரரின் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதுவரை விசாரித்துக்கொண்டு வருகிறவன்.

"ஏ மது, கல்லு காயுது பாரு" என்றாள் அத்தை இசக்கியம்மாள். "ரெண்டு பேரும் மொறச்சிக்கிட்டு நின்னா தோச தானா வெந்துருமா?"

"யாரும் முறைக்கல அத்தை."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பால்கனியில் அஸ்வத் போனில் பேசுவது கேட்டது. குரலைத் தணித்துப் பேசினான். "இல்ல மெஹக், ரெண்டும் இருக்கு... சும்மா எழுதல, நான் பார்த்ததத்தான் எழுதினேன்... அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

மெஹக் மன்றத்தின் செயலாளர். தாள்களெல்லாம் அவள் கைக்குத்தான் போகும். குழாயை மூடிவிட்டு மதுமதி நின்றாள். செயலாளரிடம் இவனுக்குத் தனியாக என்ன பேச்சு? அவகிட்டச் சொல்லாதீங்க என்றால், அந்த அவள் யார் என்று கேட்கவும் வேண்டுமா?

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன மாதம் மாமா, "பொம்பளையாளு நைட்டிக் கடையில நின்னாத்தான் வாரவுகளுக்குத் தோது" என்று சொன்னபோது அத்தான் மறுத்துப் பேசவில்லை. சிரித்தான். பாடத் திட்டம் எழுதிய அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் போன வாரம் வாங்கிப் பார்த்தான். எதற்கு? இரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவனை இப்படியெல்லாம் கோத்துப் பார்ப்பது தப்பு என்று மனம் ஒரு பக்கம் சொல்லியது. இன்னொரு பக்கம் கோத்துக்கொண்டே போனது.

*

வியாழக்கிழமை தாள் எழுதுவது அவள் முறை. மயிலாப்பூரில் அவர்கள் பயிற்சி எடுக்கும் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அஸ்வத் சதவீதம் நடத்தினான். மதுமதி கடைசி பெஞ்சில் அச்யுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நன்றாக நடத்தினான். பொறாமைப்பட வைக்கும் அளவுக்கு நன்றாக. வகுப்பில் எத்தனை பேர் காலையில் டிபன் சாப்பிடாமல் வந்தார்கள் என்று கேட்டு, அந்த எண்ணிலேயே சதவீதத்தைத் தொடங்கினான். பிள்ளைகள் சிரித்தார்கள். அச்யுத் அவள் பக்கம் சாய்ந்து, "மதுமதி, உங்க வீட்டுக்காரர் சரியான ஆளுங்க. நாமெல்லாம் பேசாம மூட்டை கட்டலாம்" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். பொல்லாத குறையாக ஏதாவது எழுதலாம், மதிப்பெண்ணைக் குறைத்துப் போடலாம். ஆனால் மெஹக் வழியாக அது அவனுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் சண்டை. அத்தை நடுவில். அதைவிட நல்ல வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது.

ஐம்பதுக்கு ஐம்பது போட்டாள். அடியில் எழுதினாள்: 'இவ்வளவு அருமையான வகுப்பை நான் பார்த்ததில்லை. இந்த ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். திருத்திக்கொள்ள வேண்டியது எதுவுமில்லை.'

தாள் செல்லாது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெண்டாட்டி புருஷனைப் புகழ்ந்தாள், விதியை மறந்துவிட்டாள், அவ்வளவுதான். துறைக்குத் திரும்பியதும் மன்றத்துப் பெட்டியில் மடித்துப் போட்டபோது லாரன்ஸ் அண்ணன் எதிரே வந்தார்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஜுரமா?"

"வெயில் அண்ணா."

"தை மாசத்துல இன்னா வெயிலு?" என்று அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையையும் அவள் சந்தேகப்பட்டாள்.

*

திங்கட்கிழமை மதியம் அஸ்வத் அவளைத் தேடிக்கொண்டு நூலகத்துக்கு வந்தான். கையில் பழுப்பு உறை. முகமெல்லாம் பல்.

"மது, கொஞ்சம் வெளிய வா."

அடையாறு பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வாகை மரத்தடியில் நின்று அவன் ஒரு தாளைப் பிரித்தான். "இது நீதானே?"

"ரூல்படி சொல்லக் கூடாது."

"அடிப் பைத்தியமே. இது செல்லாதுடி. இரண்டு குறை எழுதணும்ங்கிறதையே மறந்துட்டியா?" தாளைத் திரும்பவும் ஒரு முறை பார்த்துக்கொண்டான். "பரவாயில்ல. நான் அவுட். அது போகட்டும். ஆனா இந்த மாதிரி ஒரு வார்த்தைய நீ என்கிட்ட நேர்ல சொன்னதே இல்லையே. கொடுத்துவைத்தவர்கள்னு எழுதியிருக்க. இத நான் லேமினேட் பண்ணப் போறேன்."



"உனக்கு எழுதினது நான்தான். தெரிஞ்சிருக்கும். திட்டியிருப்பே" என்றான் அவன். "எல்லாரும் கரும்பலகை, குரலுன்னு எழுதுவாங்க. குல்சும் மேடம் அந்தத் தாளையெல்லாம் மேலோட்டமாப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுறாங்களாம். உண்மையா உக்காந்து பாத்தவன் எழுதின தாளுக்குத்தான் மதிப்பாம். அதான் நிஜமாவே பாத்தத எழுதினேன். எழுதினதுக்கப்புறம் பயமாயிடுச்சு, மார்க்க அது இழுத்துடுமோன்னு. மெஹக்குக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இழுக்காதுன்னாங்க. நாற்பத்தெட்டு போட்டேன் மது."

"ரெண்டு மார்க் எதுக்குக் குறைச்சீங்க?"

"புருவத்துக்கு ஒண்ணு, ஓட்டத்துக்கு ஒண்ணு" என்று சிரித்துவிட்டு, மயிலாப்பூரில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டான்.

இப்போதும் அவளால் நம்ப முடியவில்லை. மதிப்பெண் இருந்த பாதியைத்தான் கத்தரித்துவிட்டார்களே, நாற்பத்தெட்டு என்று வாயில் சொல்ல யாருக்குத்தான் முடியாது? அவுட் ஆன பிறகு நல்லவனாகிக் காட்டுகிறானோ? நேராக மன்றத்து அறைக்குப் போனாள். மெஹக் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், வாங்க" என்றாள் மெஹக். "நாளைக்கு லிஸ்ட் ஒட்டினதும் பிரியாணி வாங்கித் தரணும். சொல்லிட்டேன்."

"எனக்கு எதுக்கு பிரியாணி?"

"நடிக்காதப்பா. உன் வீட்டுக்காரரு அவுட்டு. மீதி நாலு பேர்ல நீதான் மேல. நான் சொன்னேன்னு சொல்லிடாத." மெஹக் குரலைத் தணித்தாள். "உன்னோட மூணு தாள்ல ஒண்ணு இருக்குது பாரு, செம பொல்லாத தாளு. புருவம், கிருவம்னு. யார்றா இது எதிரின்னு முதல்ல நினைச்சேன். மேல பாத்தா அதுலதான் மார்க் ஜாஸ்தி. மத்த ரெண்டும் முப்பத்தஞ்சைத் தாண்டல. அந்தத் தாளால மட்டும்தான் நீ மேல நிக்கற."

மதுமதி கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இன்னாப்பா, டீ வேணுமா?"

"வேணாம்."

நாளைக்கு லிஸ்ட். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். பள்ளிக்கூடம் அவளுக்கு. மாமா சொன்ன சொல் மாற மாட்டார், மகனைக் கடையில் உட்கார்த்துவார். அவனும் உட்காருவான், நைட்டியை எடுத்துப் போட்டபடி, என் பெண்டாட்டி என்னை எப்படிப் புகழ்ந்தாள் தெரியுமா என்று வருகிறவர்களிடம் அளப்பான். ஆயுசுக்கும் அளப்பான். அவன் அப்படி அளக்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும்.

அதை நினைத்ததும்தான் அவள் குல்சும் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

*

பேராசிரியர் குல்சும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"விதியை மறந்து எழுதினீங்களா, தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சே எழுதினேன் மேடம்."

"மறந்துட்டேன்னு சொன்னா வேறு தாள் கொடுத்து எழுதச் சொல்லியிருப்பேன். நீங்களும் போட்டியில் இருந்திருக்கலாம்."

"தெரியும் மேடம்."

குல்சும் இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து வைத்தார். "அஞ்சு மணிக்குள் திருப்பி எழுதிக் கொடுங்க. ஏன் திருப்பி எழுதுறீங்கன்னு பின்பக்கத்தில் காரணமும் எழுதணும். அது உங்க கோப்பில் போகும். உங்க பெயரை நான் எடுத்துடுவேன். சரியா?"

"சரி மேடம்."

"அழறதா இருந்தா வெளியே போய் அழுதுட்டு வந்து எழுதுங்க. தாள் நனையக் கூடாது."

அவள் அழவில்லை. பின்பக்கத்துக் காரணத்தை எழுத இரண்டு நிமிடம்தான் ஆனது. முன்பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். இந்த முறை அந்த வகுப்பை மனதில் உண்மையாகவே திரும்ப ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்தேழு போட்டாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கொடுத்துவிட்டு, கீழே காத்திருந்த அஸ்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிற்க வைத்தே சொன்னாள், உட்கார்ந்தால் சொல்ல வராது என்று.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு எந்த வார்த்தையில் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த அந்தப் புகழ்த் தாளை எடுத்தான். நாலாக மடித்தான். மரத்தடிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"வா, பஸ் வருது" என்றான்.

*

மறுநாள் லிஸ்டின் உச்சியில் அஸ்வத்தின் பெயர் இருந்தது. லாரன்ஸ் அண்ணன் கை குலுக்கினார். அச்யுத் தோளில் அடித்தான். அஸ்வத் எல்லோருக்கும் நன்றி சொன்னான். மதுமதியிடம் முந்தின நாள் பஸ் ஏறியதிலிருந்து அவன் பேசியவை நான்கே சொற்கள்: சாப்பாடு, சாவி, பஸ், இறங்கு.

மாமாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தி.நகரில் இறங்கினார்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வந்த கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. எப்போதும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறவன் இன்று பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் அவள் பின்தங்கியபோதெல்லாம் நின்றான்.

"நீ திருப்பி எழுதினது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்புறது?" என்று திடீரென்று கேட்டான்.

"நம்ப வேணாம். கேளுங்க, சொல்றேன்."

"என்ன எழுதின?"

"கை தூக்குற பிள்ளைகிட்டயே திரும்பத் திரும்பப் போறீங்க. கடைசி ரெண்டு பெஞ்சுக்கு உங்க கண்ணு போகவே இல்ல. டிபன் சாப்பிடலன்னு கை தூக்குனதுல நாலு பேர் அங்கதான் இருந்தாங்க."

அவன் நடையைத் தளர்த்தினான். "ரெண்டாவது?"

"ஜோக் சொல்லிட்டு நீங்களே முதல்ல சிரிக்கிறீங்க."

"பொய்! நான் சிரிக்கல."

"சிரிச்சீங்க. டிபன் ஜோக்குக்கு."

"அது சிரிப்பு இல்லடி, அது பிள்ளைங்கள உற்சாகப்படுத்துறது."

"பல்லு தெரிஞ்சா அது சிரிப்புதான்."

கடையில் வெள்ளைச்சாமி ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இசக்கியம்மாள் வந்தவர்களுக்குத் துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னல, யாருக்கு?" என்றார் மாமா.

அஸ்வத் வாயெடுப்பதற்குள் மதுமதி சொன்னாள். "அத்தானுக்கு, மாமா. நான் அவுகள ஏமாத்தப் பார்த்தேன். மாட்டிக்கிடல, நானே போய்ச் சொன்னேன். அதனால எனக்கு இல்ல."

வெள்ளைச்சாமி மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் அவர் கண்ணில் ஓடியது. "அப்போ பேச்சுப்படி நீ கடைக்கு வாரியா?"

"வாரேன் மாமா. பேச்சு பேச்சுதான். ஆனா இப்பவே சொல்லிடுறேன், பின்னால ஒளிச்சு வச்சேன்னு ஆகக் கூடாது. மன்றம் தராட்டாலும் சென்னையில பள்ளிக்கூடம் நிறைய இருக்கு. நான் எழுதிப் போட்டுக்கிட்டே இருப்பேன். வேலை கிடைச்ச அன்னைக்குப் போயிடுவேன்."

"இது பேச்சுல இல்லையே!"

"இல்ல. இன்னைக்குச் சேர்க்கிறேன்."

"கேட்டியளா?" என்று இசக்கியம்மாள் நைட்டியை உதறினாள். "அவ போனா ஒரு ஆளப் போடுங்க. முட்டிய நீட்டிக்கிட்டு நாட்டாம பண்ணாதிய."

மாமா ஏதோ முணுமுணுத்தார். மறுப்பாகவும் இல்லை, சம்மதமாகவும் இல்லை. அதற்குள் ஒரு அம்மாள் உள்ளே வந்து, பருத்தியில் பெரிய சைஸ் இருக்கிறதா என்று கேட்டாள். மதுமதி பையை ஸ்டூலுக்கடியில் தள்ளிவிட்டு மேல் தட்டை எட்டினாள். கை எட்டவில்லை.

அஸ்வத் பின்னாலிருந்து நைட்டிக் கட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"உன் மேல கோபம் போகல" என்றான் தாழ்ந்த குரலில்.

"தெரியுது."

"போக நாளாகும்."

"ஆகட்டும்."

அவன் மேல் தட்டில் சரிந்த துணிகளை அடுக்கினான். "கடைசி பெஞ்சு நாலு பேர்ன்னியே, யார் யாருன்னு முகம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுக்குப் போனதும் சொல்லு" என்றுவிட்டு, வாடிக்கையாளருக்கு நாற்காலி இழுத்துப் போடப் போனான்.